புடலங்காய் நுனியில் கட்டிய கல்

புடலங்காய் நேராக வளர வேண்டுமானால் அதன் நுனியில் நூலால் ஒரு சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிட வேண்டும். கட்டாமல் விட்டால் பாம்பு மாதிரி சுருண்டுகொள்ளும்; பார்க்கவும் அழகில்லை, நறுக்கவும் தொல்லை. கல் பாக்கு அளவு இருந்தால் போதும். காய் நீள நீள எலுமிச்சை அளவுக்குப் போகலாம். அதற்கு மேல் போகக் கூடாது. போனால் காம்பு தாங்காது.

இதை முதலில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, ரமணி. "முழுசா எழுதணும், கோரன் மாமா. அம்மா படிக்கும்போது ஒண்ணும் விட்டுப்போகக் கூடாது" என்று நீ சொன்னாய். அதனால் உனக்குத் தெரிந்ததையும் எழுதுகிறேன். நாற்பத்தாறு வயதில் எழுத்துப் படித்தவன் நான். செம்பாறை வெட்டிய கை பென்சிலையும் கோடாலி மாதிரிதான் பிடிக்கும். கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

என் வீட்டுக்கும் உன் அம்மா வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர். அதில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு இடைவெளி. சுவர் நான் கட்டியது. இடைவெளி உன் அம்மா கேட்டு விட்டது. கும்ப மாசம் பிறந்தால் என் கிணறு வற்றிவிடும், உங்கள் கிணறு வற்றாது. வேனல் முழுக்க, காலையில் இருபது குடம், சாயங்காலம் இருபது குடம், அந்த இடைவெளி வழியாகத்தான் என் தோட்டத்துக்கு வந்தது. நான் குடத்தை இறக்கும்போதெல்லாம் அண்ணன் முறை வைத்து உன் அம்மா சொல்வாள்: "இன்னும் ரெண்டு குடம் எடுங்க கோரேட்டா, கிணத்துக்கு வலிக்கவா போகுது." ஒரு நாளும் அதற்குக் கூலி கேட்டதில்லை. இதையெல்லாம் நான் மறைக்கப் போவதில்லை.

என் தோட்டம் ஐந்து சென்ட். பகலெல்லாம் கல்லுக்குழியில் வெட்டிவிட்டு வந்தால் முதுகு விறகு மாதிரி ஆகியிருக்கும். ஆனாலும் மண்வெட்டியை எடுத்தால் அந்த வலி போய்விடும். அது ஏன் என்று எனக்குத் தெரியாது. பந்தலில் புடலையும் பாகலும். தரையில் வெள்ளரி. சுவரோரம் தட்டைப்பயறு. கிழக்கே சிவப்புக் கீரை, வெயில் விழும்போது விளக்கு ஏற்றின மாதிரி இருக்கும். சாம்பலும் சாணமும்தான் உரம். மீன மாசம் கடைசியில் வெள்ளரி மஞ்சளாகத் திரும்ப ஆரம்பிக்கும். விஷு விடியலில் முதல் பார்வைக்காகக் கணியில் வைக்கிற பொன்வெள்ளரி நம் பக்கத்தில் என் தோட்டத்துது போல வேறு இல்லை என்று நான் சொல்லவில்லை, மற்றவர்கள் சொல்வார்கள்.

அதிகமாகச் சொன்னது உன் அம்மாதான். அங்கேதான் தொல்லை.

கார்த்தியாயினிக்கு எதைப் பார்த்தாலும் பாராட்டியாக வேண்டும். இடைவெளியில் தலையை நீட்டினாலே ஆரம்பித்துவிடுவாள். "அய்யோ சிருதேயியக்கா, இந்தப் பாவக்காயைப் பாருங்க, கல்யாணப் பொண்ணு காதுல ஜிமிக்கி தொங்குற மாதிரியே இருக்கு!" என் வீட்டுக்காரிக்கு அது போதும். வாய்விட்டுப் பாராட்டினவருக்குக் கொடுக்காமல் தின்றால் கொதி விழும், வயிறு நோகும் என்பது நம் ஊர் வழக்கம். சிருதேயி அந்தக் காயைப் பறித்து அவள் மடியில் போட்டுவிடுவாள். உன் அம்மா வேண்டாம் வேண்டாம் என்பாள், வாங்கிக்கொள்வாள், சிரிப்பாள். அந்தச் சிரிப்பு ரோட்டுக் கடை வரை கேட்கும்.

கணக்குப் பார்க்கிற ஆள் இல்லை நான். இருந்தாலும் நல்ல காய் எதுவோ அதைத்தான் பாராட்டுவார்கள், சொத்தையை யார் பாராட்டுவார்கள்? ஒவ்வொரு வேனலிலும் தோட்டத்தின் முதல் தரம் இடைவெளி வழியாகப் போயிற்று. தண்ணீர் வந்த வழியே காய் போயிற்று, நியாயம்தானே என்று நீ நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன், இரண்டு வேனல்.

எழுதுவதைப் பற்றிச் சொன்னதால் ஒன்று ஞாபகம் வருகிறது. வாசகசாலையில் எங்களைப் போன்ற கிழங்களுக்கு எழுத்து வகுப்பு நடந்தபோது உன் அம்மாவும் சொல்லிக்கொடுக்க வந்தாள். எட்டாவது வரை படித்தவள். எல்லார் சிலேட்டையும் பாராட்டினாள். சாத்தப்பன் எழுத்து முத்து மாதிரி இருக்கிறதாம், பாருவக்கா எழுத்து மல்லிகை மொட்டாம். என் சிலேட்டைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கோரேட்டா, இது எழுத்தா, பந்தல்ல சுருண்ட புடலங்காயா? ஒவ்வொண்ணுக்கும் அடியில ஒரு கல்லு கட்டி விடுங்க, நேரா தொங்கும்." வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அதற்கு அடுத்த வேனலில் ஒரு புடலங்காய் மூன்றரை முழம் வளர்ந்தது. விஷுவுக்கு நாற்பது நாள் இருக்கும். உன் அம்மா அதைப் பார்த்து, "சாமி தேருக்குக் கட்டுற கொடி மாதிரி இருக்கு கோரேட்டா" என்றாள். சிருதேயி, "நாளைக்குப் பறிச்சுத் தரேன், இன்னைக்கு வெள்ளிக்கிழமை" என்றாள். அன்று சாயங்காலம் நான் கல்லை மாற்றிக் கட்டினேன். கையில் கிடைத்தது கொஞ்சம் பெரியது. முக்கால் கிலோ இருக்கும். முப்பது வருஷம் கல் வெட்டினவன். தூக்கினாலே எடை தெரியும்.

காலையில் காய் தரையில் மூன்று துண்டாகக் கிடந்தது. சிருதேயி நெஞ்சில் கை வைத்தாள். "என்னங்க இது, நேத்து கார்த்தியாயினி வாய் வச்சா, இன்னைக்கு விழுந்து கிடக்கு! அவளுக்குக் கரிநாக்கா?"

கரிநாக்கு உள்ளவர்கள் எதைப் பாராட்டினாலும் அது கருகிப்போகும் என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டல்லவா. எனக்குக் கல்லைப் பற்றிச் சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் அன்று அந்தக் காய் இடைவெளி வழியாகப் போகவில்லை. சிருதேயி அதைத் தேங்காய் அரைத்துக் கூட்டு வைத்தாள். நல்ல கூட்டு. சாப்பிட்டுக்கொண்டே, இருக்கட்டும், ஒரு வார்த்தைதானே என்று நினைத்தேன்.

உன் அம்மாவும் அதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். "என் நாக்குக்கு இவ்வளவு பலமா? அப்ப எங்க மாமியாரைத் தினமும் பாராட்டினேனே, அந்தம்மா தொண்ணூத்திரண்டு வயசு வரைக்கும் இருந்துச்சே!" நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அதெல்லாம் நல்ல நாட்கள்தான், ரமணி. அந்த வேனலில் சிரிப்புக்குக் குறைவே இல்லை.

பிறகு அவள் கீரையைப் பாராட்டினாள். மறுநாள் விடியும் முன் நான் அந்தப் பாத்திக்குக் கொதிக்கிற கஞ்சித் தண்ணீர் ஊற்றினேன். பிறகு வெண்டை. அதற்கு ஒன்றும் செய்யவில்லை, பூச்சி தானாகவே வந்தது; அதையும் அவள் பேரில்தான் எழுதினார்கள். கல்லுக்குழிப் பாதையில் குடியிருக்கிற குஞ்ஞம்புவின் பசுவைப் பார்த்து, "மடியா இது, பால் சொசைட்டியா?" என்று கேட்டாள். மறுநாள் ஒரு சொட்டுப் பால் இல்லை. கல்லுக்குழிக்குப் போகிற வழியில் நான் கன்றின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, அது குடித்து முடித்ததும் திரும்பக் கட்டிவிட்டுப் போனேன். கன்று அன்று முழுக்கத் துள்ளிக்கொண்டிருந்ததாம். யாரும் கன்றைச் சந்தேகிக்கவில்லை. மனுஷர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் கன்றின் வாயில் நுரை இருந்தாலும் கண்ணில் படாது. இதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

பாறை சமாசாரத்தை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். அது என் தொழில்.

குஞ்ஞம்பு வீட்டு முற்றத்தில் ஒரு கருங்கல் பாறை, ஆனை படுத்த மாதிரி. மிளகு காயப்போடக் கூட இடம் விடாமல் கிடந்தது. உடைக்க ஆள் வைத்தால் செலவு. டீக்கடையில் யாரோ வேடிக்கையாகச் சொன்னார்கள், கார்த்தியாயினியைக் கூப்பிட்டுப் பாராட்டச் சொன்னால் போதுமே என்று. குஞ்ஞம்பு நிஜமாகவே போய்க் கூப்பிட்டான். உன் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "பாறைக்கு மட்டுமா, இல்ல வீட்டுக்காரனுக்கும் சேர்த்தா?"

"அய்யோ, என்னைப் பாத்து ஒண்ணும் சொல்லிடாதக்கா!" என்று குஞ்ஞம்பு தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

பத்து இருபது பேர் கூடிவிட்டோம். உன் அம்மா பாறையைச் சுற்றி வந்தாள், தடவினாள், கல்யாணத் தரகர் குரலில் ஆரம்பித்தாள். "என்ன நிறம்! என்ன உடம்பு! பல்லு எல்லாம் சரியா இருக்கா? இந்த மாதிரி ஒரு பாறை பையன்னூர் வரைக்கும் தேடினாலும் கிடைக்காது!" சிரித்துச் சிரித்து எனக்கே கண்ணில் தண்ணீர் வந்தது.

ஆனால் அவள் தடவின இடத்தில் ஒரு விரிசல் இருந்தது. மயிரிழை மாதிரி, மேலிருந்து அடி வரை. கல் வெட்டுகிறவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். குஞ்ஞம்பு வீட்டில் அன்று ராத்திரி எல்லாரும் தெய்யம் ஆட்டம் பார்க்கப் போயிருந்தார்கள். நான் அந்த விரிசலில் காய்ந்த மர ஆப்புகளை இறுக்கி, ஈரத்துணி சுற்றித் தண்ணீர் ஊற்றினேன். மரம் நனைந்தால் ஊதும். ஊதினால் கல் தாங்காது. சுத்தியல் வேண்டாம், சத்தம் வேண்டாம். எட்டுக் குடம் பிடித்தது. விடியும்போது போய் ஆப்புகளைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். பாறை தேங்காய் மாதிரி இரண்டாகக் கிடந்தது. இத்தனை வருஷத்தில் நான் செய்த வேலைகளில் அதுதான் சுத்தமானது. யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை என்பது ஒன்றுதான் குறை.

தண்ணீர் உங்கள் கிணற்றுத் தண்ணீர்தான். எழுதச் சொன்னாயே என்று எழுதுகிறேன்.

உடைந்த பாறையைப் பார்க்க உன் அம்மாவும் வந்தாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அவள் சிரிக்கவில்லை. தன் விரலால் நாக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஊர் கொஞ்சம் அமைதியானது. வேனலில் பெண்கள் சேர்ந்து செய்கிற வேலைகள் எத்தனை: பலாச்சுளை எடுப்பது, உப்பு மாங்காய்க்குப் பரணி ஜாடி கழுவுவது, புளி கொட்டை நீக்குவது, பாயில் அப்பளம் காயவைப்பது. எல்லாவற்றுக்கும் நடுவில் உன் அம்மாதான் உட்கார்ந்திருப்பாள். இப்போது அவளைக் கூப்பிடுவது நின்றது. அவள் நடந்து வந்தால் முற்றத்தில் காய்கிறதன் மேல் துணி விழும். கைக்குழந்தைகள் உள்ளே போகும். யாரும் சண்டை போடவில்லை, யாரும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. என் தோட்டத்துக் காய்கள் என் தோட்டத்திலேயே நின்று பழுத்தன. அந்த விஷுவுக்குப் பதினொரு பொன்வெள்ளரி கிடைத்தது.

அவள் தண்ணீரை நிறுத்தவில்லை. நான் குடத்தோடு வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு கயிற்றை எடுத்துக் கொடுப்பாள். என் செடிகளைப் பார்க்காமல் இருக்கத்தான் திரும்பினாள்.

அடுத்த வேனலில் நீ பிரசவத்துக்கு வந்தாய். சின்னு பிறந்தாள். ஆஸ்பத்திரியில் பேத்தியைக் கையில் வாங்கியதும் உன் அம்மா தன்னை மறந்துவிட்டாள். "என் தங்கமே, என் கொன்றைப் பூவே, இவ்வளவு அழகா" என்று சொல்லிவிட்டாளாம். மூன்றாம் நாள் குழந்தைக்கு மஞ்சள் கண்டது. அதில் எனக்குக் கை இல்லை, ரமணி. பிறந்த குழந்தைகளுக்கு மஞ்சள் வருவது சாதாரணம் என்று நர்ஸம்மா சொன்னதாக நீயே சொன்னாய். நாலே நாளில் சரியாகிவிட்டது.

அந்த நாலு நாளில் ஒரு சாயங்காலம் உன் அம்மா இடைவெளிக்கு வந்தாள். நான் வெள்ளரிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். அவள் வாயை முந்தானையால் மூடிக்கொண்டுதான் பேசினாள்.

"கோரேட்டா, நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. உங்க தோட்டத்துல கருகினது, அந்தப் பாறை, எல்லாம் நிஜமாவே என் நாக்காலதானா? விளையாட்டுக்குச் சொல்றாங்கன்னுதான் இத்தனை நாள் நெனச்சேன். குழந்தை கிடக்கிறா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

குடம் என் கையில் இருந்தது, பாதி நிறைந்த குடம். உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் கோபப்பட்டிருக்க மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். சிரித்திருப்பாள். "ஒரு புடலங்காய்க்கா கோரேட்டா!" என்று ரோட்டுக் கடை வரை கேட்கச் சிரித்திருப்பாள். கடையில் இருக்கிறவர்கள் என்ன விஷயம் என்று கேட்டிருப்பார்கள்.

நான் சொன்னேன்: "யாருக்குத் தெரியும், கார்த்தியாயினி. எதுக்கும் ஜாக்கிரதையா இருந்துக்கோ."

அது ஒரு புத்திமதிதான். யார் கேட்டாலும் யாரும் சொல்லக்கூடியது.

அன்றிலிருந்து உன் அம்மா குழந்தை முன்னால் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நாளில் யார் முன்னாலும் திறக்கவில்லை. சின்னுவைக் குளிப்பாட்டுவாள், ஊட்டுவாள், தோளில் போட்டு உலாத்துவாள். எல்லாம் முந்தானையை வாயில் கடித்துக்கொண்டு.

அதற்கு அடுத்த வேனலில்தான் நீ என் முற்றத்துக்கு வந்தது. கையில் ஒரு கல். என் பந்தலுக்குக் கீழே சருகு பெருக்கும்போது கிடைத்ததாம், நூலோடு. நீ உரக் கடையில் அதை நிறுத்தும் பார்த்திருந்தாய். சிருதேயி வீட்டில் இல்லை. நீ கத்தவில்லை; அந்த விஷயத்தில் நீ உன் அப்பா மாதிரி.

"மாமா, முக்கால் கிலோ. இதைக் கட்டினா புடலங்காய் என்ன, என் கழுத்தே அறுந்துடும். அம்மாகிட்ட சொன்னேன். பெத்த பொண்ணு அப்படித்தான் சொல்லுவான்னு சிலேட்டுல எழுதிக் காட்டுது. நீங்க சொன்னாத்தான் நம்பும். வாயால சொல்லக் கூச்சமா இருந்தா எழுதிக் கொடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு. போலீஸ் வேண்டாம், பஞ்சாயத்து வேண்டாம். சின்னு பேச ஆரம்பிக்கிறதுக்குள்ள கொடுங்க."

"எழுதித் தரேன் மகளே" என்றேன். அந்த வாக்கில் நான் மாறவில்லை. இதோ எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒவ்வொரு வருஷமும் பள்ளிக்கூட லீவுக்கு நீ பையன்னூர் பஸ்ஸில் வந்து இறங்கும்போது கேட்கிறாய். "மாமா, ஆச்சா?" ஆகிக்கொண்டிருக்கிறது என்கிறேன். முதல் வருஷம் எழுதியதில் பிழை இருந்தது. இரண்டாம் வருஷம் மழை ஒழுகி மை கலைந்துவிட்டது. மூன்றாவது நன்றாகத்தான் வந்தது, ஆனால் ழ-வெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. புடலங்காயைப் பற்றிய கடிதம், ழ வராத இடத்தில் ல வரும், அதுவும் சுருண்ட எழுத்துதான். இப்போது ஆறாவது நோட்டு. சின்னு இரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாளாம். என்னைவிட நன்றாக எழுதுகிறாள்.

போன வாரம் அவள் என் தோட்டத்துக்கு வந்தாள். இந்த வருஷம் பந்தல் நன்றாக வந்திருக்கிறது, நீயும் பார்த்தாய். பயறு கொத்துக் கொத்தாக, பாகல் இலைக்கு இலை. சின்னு அண்ணாந்து பார்த்தாள். "தாத்தா, இந்தப் புடலங்காய் எவ்வளவு அழ..." என்று ஆரம்பித்தாள். உன் அம்மா எங்கிருந்தாளோ, இடைவெளி வழியாக ஓடி வந்து குழந்தையின் வாயைப் பொத்தினாள். இரண்டு கையாலும் பொத்தினாள். அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். குழந்தை அழவில்லை. அதற்குப் பழகிவிட்டது போலிருக்கிறது.

காய் விழவில்லை. இப்போதெல்லாம் பாக்கு அளவு கல்தான் கட்டுகிறேன். பெரிய கல்லுக்கு அவசியமே இல்லாமல் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

அன்று எனக்கும் மனசு கேட்கவில்லை. நல்ல பழுத்த பொன்வெள்ளரி ஒன்றைப் பறித்துத் துடைத்து உன் அம்மாவுக்குக் கணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் பாராட்டாமலே நான் கொடுத்த முதல் காய். வாங்கிக்கொண்டாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

எல்லாம் எழுதிவிட்டேன், ரமணி. கல் கட்டியது நான். கஞ்சித் தண்ணீர் ஊற்றியது நான். கன்றை அவிழ்த்தது நான். பாறையைப் பிளந்தது நான். கார்த்தியாயினி நாக்கில் ஒரு குற்றமும் இல்லை. இதைக் கையில் கொடுத்துவிட்டால் அவள் பேசுவாள், எனக்குத் தெரியும். நாளைக்கே உன் பஸ்ஸுக்கு முன்னால் கொடுத்துவிடலாம் என்றுதான் எடுத்து வைத்தேன்.

ஆனால் வெளிச்சத்தில் பார்த்தபோது நாலாம் பக்கத்தில் எழுத்து மறுபடி சுருண்டிருக்கிறது. படிக்கப்போவது அவள். பார்த்ததும் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாதா? ஏழாவது நோட்டு வாங்கிவிட்டேன், கோடு போட்டது. அடுத்த வேனலுக்குள் நேராக வந்துவிடும். ஏழு வருஷமாக வாய் திறக்காதவள், இதைப் பார்த்துச் சிரித்துவிடக் கூடாது பார்.